எத்தனை லிட்டர் என்று கேட்பதற்கு முன், ஒரு வாரம் எழுதிப் பாருங்கள் டீச்சர்

கேள்வி சுருக்கமாக: "அக்கா, எனக்கு வயது 38. கரூர் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். தினமும் சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் தலை கனத்து வலிக்கிறது. வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறேன். இந்த ஒரு வருடத்தில் மூன்று தடவை நீர்க்கடுப்பு வந்து மாத்திரை சாப்பிட்டாகிவிட்டது. டாக்டர் 'நிறையத் தண்ணி குடிங்கம்மா' என்கிறார். மணி நேரம் அச்சிட்ட இரண்டு லிட்டர் பாட்டில் வாங்கினேன், போனில் ஆப் போட்டேன். எதுவும் ஒரு வாரத்துக்கு மேல் ஓடவில்லை. 'உங்களை நீங்களே அறிந்துகொள்ளுங்கள், உடம்பு சொல்வதைக் கேளுங்கள்' என்று ஒரு வகுப்பில் சொன்னார்கள். கேட்க நன்றாக இருந்தது, எப்படிச் செய்வது என்று தெரியவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் குடிக்க வேண்டும்?"

டீச்சர், லிட்டர் கணக்குக்குப் பதில் இருக்கிறது, சொல்கிறேன். ஆனால் நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். அதில் ஒரு விஷயம் இல்லவே இல்லை. காலையில் வீட்டை விட்டுக் கிளம்புவதிலிருந்து மாலை திரும்பும் வரை எப்போது குடிக்கிறீர்கள், பள்ளியில் பெண் ஆசிரியர்களுக்குக் கழிப்பறை எப்படி இருக்கிறது, அங்கே போய்வர எந்த நேரத்தில் முடிகிறது? இந்த மூன்றும் தெரியாமல் யார் லிட்டர் கணக்குச் சொன்னாலும் அது உங்களுக்கு இன்னொரு அச்சிட்ட பாட்டிலாகத்தான் ஆகும்.

நான் பத்தொன்பது வருடமாக உணவியல் ஆலோசகராக இருக்கிறேன். "மறந்துபோய்விடுகிறது" என்று சொல்லிக்கொண்டு வருகிற பெண்களிடம் ஒரு வாரம் எழுதிக்கொண்டு வரச் சொல்வேன். எழுதிக்கொண்டு வந்த தாளைப் பார்த்தால், பலருக்கு மறதி காரணமாகவே இருக்காது. எனக்கும் இருக்கவில்லை.

என் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். படிப்பு முடிந்து முதல் வேலை. எங்கள் ஊரிலிருந்து ஒன்றேகால் மணி நேரப் பேருந்து. வேலை பார்த்த இடத்தில் பெண்கள் கழிப்பறைக்கு ஒரே ஒரு சாவி. அது மேலாளர் மேசையில், பேனா வைக்கும் டப்பாவுக்குள் கிடக்கும். அவர் மோசமான மனிதர் இல்லை, கேட்டால் தலை நிமிராமல் எடுத்துக் கொடுப்பார். ஆனால் அந்த அறையில் எட்டுப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். இருபத்தைந்து வயதில் அத்தனை பேர் முன்னால் போய் நின்று சாவி கேட்பது எனக்கு அவ்வளவு கூச்சமாக இருந்தது. அப்படியெல்லாம் அப்போது நான் யோசித்ததுகூடக் கிடையாது. எனக்குத் தாகமே எடுப்பதில்லை என்றுதான் எல்லோரிடமும் சொல்வேன். அம்மாவிடம் பெருமையாகக்கூடச் சொல்லியிருக்கிறேன்.

இரண்டு வருடத்தில் இடது விலாவுக்குக் கீழே வலி. ஸ்கேன் எடுத்ததில் சிறுநீரகத்தில் சின்னதாகக் கல். பார்த்த டாக்டரம்மா மாத்திரை எழுதிவிட்டு, "ஒரு வாரத்துக்கு நீ குடிக்கிறதை எல்லாம் எழுதிட்டு வா" என்றார். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. முதல் நாள் பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்:

"திங்கள். காலை 5.40, காபி ஒரு டம்ளர். 7.10, சாப்பாட்டுக்கு நடுவில் இரண்டு மடக்குத் தண்ணி. 1.15, ரசத்தில் கொஞ்சம். 4.00, டீ வந்தது, பாதி குடித்தேன். 6.25, வீட்டுக்கு வந்ததும் ஒரு சொம்பு, ஒரே மூச்சில். 9.00, பால்."

ஆறு நாளும் ஏறக்குறைய இதே மாதிரி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் பக்கம் நிரம்பி வழிகிறது: தண்ணி, மோர், மறுபடி தண்ணி, இளநீர், தண்ணி. அந்த ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. தாகம் எடுக்காத உடம்பாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் எப்படி எடுக்கும்? என் உடம்பு சரியாகத்தான் இருந்தது. சாவி கேட்கக் கூச்சப்பட்டுத் தாகத்தை நானே அமுக்கி வைத்திருந்தேன். அடுத்த வாரம் எங்கள் பிரிவில் இருந்த மூத்த அக்காவிடம் சொன்னேன். அவர் இரண்டாவது சாவி ஒன்று செய்து வாங்கி, பெண்கள் சாப்பிடும் அறையில் ஓர் ஆணியில் மாட்டிவிட்டார். அவ்வளவுதான். அன்றிலிருந்து நான் குடிக்க ஆரம்பித்தேன், எந்தப் பாட்டிலும் இல்லாமல்.

உங்களை நீங்களே அறிவது என்று வகுப்பில் சொன்னார்களே, எனக்குத் தெரிந்த அளவில் அது இப்படித்தான் தொடங்கும். கண்ணை மூடி உட்கார்ந்து உடம்பைக் கவனிப்பதை நான் குறை சொல்லவில்லை. செய்யுங்கள். ஆனால் நாம் நம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதை ஒன்றாகவும், தாளில் எழுதி வைத்தது வேறாகவும் இருக்கும்போதுதான் நமக்குப் புதிதாக ஏதோ தெரிய வருகிறது.

ஆகவே முதல் வேலை, ஒரு நாற்பது பக்க நோட்டு. ஆப் வேண்டாம். ஆப் எவ்வளவு குடித்தீர்கள் என்று மட்டும்தான் கேட்கும், ஏன் குடிக்கவில்லை என்று கேட்காது. ஒவ்வொரு தடவை குடிக்கும்போதும் மணி, என்ன, எவ்வளவு, எங்கே இருந்தீர்கள் என்று எழுதுங்கள். சிறுநீர் கழித்த நேரத்தையும் நிறத்தையும் எழுதுங்கள். இன்னொன்றுதான் முக்கியம்: குடிக்கலாம் என்று தோன்றியும் குடிக்காமல் விட்ட நேரம். அதற்குப் பக்கத்தில் காரணம் இரண்டே சொல்லில். "வகுப்பு நடக்கிறது", "பாட்டில் ஸ்டாஃப் ரூமில்", "பேருந்தில் போகணும்", "பாத்ரூமில் தண்ணி வரல". இந்தக் கடைசிப் பகுதியை வெட்கப்படாமல் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். யாரிடமும் காட்ட வேண்டியதில்லை. தலைவலி வந்தால் எத்தனை மணிக்கு வந்தது, அதற்கு முந்தைய நான்கு மணி நேரத்தில் என்ன குடித்தீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐந்து பள்ளி நாளும் சனி, ஞாயிறும் கட்டாயம் வேண்டும். விடுமுறை நாள் இல்லாவிட்டால் ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றும் இருக்காது.

எழுத ஆரம்பிப்பதற்கு முன் உங்கள் வீட்டு டம்ளரை அளந்துவிடுங்கள். சிரிப்பாக இருக்கலாம், ஆனால் "தினம் பத்து டம்ளர் குடிக்கிறேன்" என்று ஒருவர் சொன்னால் எனக்கு ஒன்றுமே விளங்காது. எங்கள் வீட்டில் காபி டம்ளர் விளிம்பு வரை 130 மில்லி, சாப்பிடும்போது வைக்கிற எவர்சில்வர் டம்ளர் 240, அப்பாவின் பித்தளைச் சொம்பு 700க்கு மேல். அதனால் பத்து டம்ளர் என்பது 1.3 லிட்டராகவும் இருக்கலாம், 2.4 லிட்டராகவும் இருக்கலாம். காலி ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, உங்கள் டம்ளர் எத்தனை தடவை நிறைகிறது என்று பாருங்கள், போதும். அப்புறம் அந்த ஒரே டம்ளரில் குடியுங்கள்.

சரி, இப்போது லிட்டருக்கு வருவோம்.

"எட்டு டம்ளர்" எங்கிருந்து வந்தது என்று தேடியவர்கள் பெரும்பாலும் 1945-ஆம் ஆண்டுக்குப் போய் நிற்பார்கள். அமெரிக்காவின் உணவு, ஊட்டச்சத்து வாரியம் அந்த ஆண்டு பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 2.5 லிட்டர் நீர் போதுமானது என்று எழுதியது. அதை ஒட்டியே, இந்த அளவில் பெரும்பகுதி சமைத்த உணவிலேயே இருக்கிறது என்றும் எழுதியிருந்தது. பிற்பாதி காணாமல்போய் முற்பாதி மட்டும் ஊர் ஊராகச் சுற்றியது. 2002-இல் ஹெய்ன்ஸ் வால்ட்டின் என்ற சிறுநீரக ஆய்வாளர், ஆரோக்கியமான எல்லோரும் எட்டு டம்ளர் தண்ணீர் குடித்தே ஆக வேண்டும் என்பதற்கு அறிவியல் ஆதாரம் உண்டா என்று தேடிப் பார்த்துவிட்டு, தனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்று எழுதினார்.

இன்று கையில் இருக்கும் அளவுகளைச் சொல்கிறேன். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010-இல் பெண்களுக்கு 2 லிட்டர், ஆண்களுக்கு 2.5 லிட்டர் என்றது. அமெரிக்க மருத்துவ நிறுவனம் 2004-இல் பெண்களுக்கு 2.7, ஆண்களுக்கு 3.7 லிட்டர் என்றது. இரண்டிலும் காபி, டீ, பால், மோர், உணவில் இருக்கும் நீர் எல்லாம் சேர்த்தி. ஐந்தில் ஒரு பங்கு உணவிலிருந்து வருகிறது என்பது அவர்கள் கணக்கு. நம் சாப்பாட்டில் அதற்குக் குறையாது என்பது என் எண்ணம். வெந்த சோற்றிலேயே மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் தண்ணீர்தான். அதன் மேல் சாம்பார், ரசம், மோர். வெள்ளரிக்காயில் நூற்றுக்கு 95 பங்கு நீர். காலையில் பழைய சோறும் நீராகாரமும் குடித்துவிட்டு வயலுக்குப் போனவர்கள் பாட்டில் தூக்கிக்கொண்டு போகவில்லை என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

உங்களுக்கு என்று கேட்டால்: கரூர் வெயில், நாள் முழுக்க நின்றுகொண்டு பேச்சு, மூன்று முறை வந்துபோன நீர்க்கடுப்பு. இதையெல்லாம் வைத்துப் பார்த்தால், குடிப்பது மட்டும் இரண்டு முதல் இரண்டரை லிட்டர் வரை இருந்தால் நல்லது. கரூர் பரமத்தி வெயிலில் தமிழ்நாட்டிலேயே முன்வரிசையில் நிற்கிற இடம் என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஏப்ரல், மே மாதங்களில் இன்னும் அரை லிட்டர் கூடலாம். மார்கழியில் குறையலாம். வழிகாட்டப் போவது உங்கள் தாகமும் சிறுநீரின் நிறமும்தான், நான் சொன்ன இந்த அளவு அதற்கு அப்புறம்.

தாகம் என்ன செய்கிறது என்று தெரிந்தால் அதன் மேல் மரியாதை வரும். நம் இரத்தத்தில் உப்பும் நீரும் ஒரு குறிப்பிட்ட செறிவில் இருக்கின்றன. அந்தச் செறிவு நூற்றுக்கு ஒன்று, இரண்டு பங்கு கூடினாலே மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைப்போதலாமஸ் கண்டுபிடித்துவிடும். உடனே வாசோபிரசின் என்ற ஹார்மோன் கூடுதலாக வெளிப்பட்டு, "இருக்கிற தண்ணியை வெளியே விடாதே" என்று சிறுநீரகத்துக்குத் தகவல் போகிறது, சிறுநீர் கெட்டியாகிறது. அதோடு நமக்குத் தாகமும் எடுக்கிறது. "தாகம் எடுக்கும்போதே உடம்பு வறண்டு போயிருக்கும்" என்று பயமுறுத்துகிறார்களே, அது தேவையற்ற பயம். தாகம் முதல் மணி, அவ்வளவு சீக்கிரம் அடித்துவிடுகிறது. இன்னொரு அழகு என்னவென்றால், ஒரு டம்ளர் குடித்ததும் நிமிடக் கணக்கில் தாகம் தணிந்துவிடும். அதற்குள் அந்த நீர் முழுவதும் இரத்தத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்காது. வாயும் தொண்டையும் வயிறும் உள்ளே போனதை அளந்து மூளைக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகின்றன.

ஆனால் இந்த மணி அடித்தும் நாம் திரும்பிப் பார்க்காமல் இருக்கப் பழகிவிட முடியும். வகுப்பில் ஐம்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு நிற்பவருக்கு அது பின்னால் எங்கோ கேட்கும் சத்தமாகிவிடுகிறது. அப்போது உடம்பு வேறு குரலில் பேசும். 2012-இல் அமெரிக்காவில் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் ஆரோக்கியமான 25 இளம் பெண்களை நடக்கவைத்து, உடல் எடையில் சராசரியாக 1.36 சதவீதம் அளவுக்கு நீர் இழக்கச் செய்து பார்த்தார்கள். மனநிலை மங்கியது, தலைவலி கூடியது, கவனம் குவிப்பது கடினமாகத் தோன்றியது, செய்கிற வேலை பெரும் பாரமாகப் பட்டது. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 1.36 சதவீதம் என்றால் முக்கால் லிட்டருக்குக் கொஞ்சம் மேல். காலை எட்டு மணிக்குக் கிளம்பி, பேருந்தில் வியர்த்து, மின்விசிறி சுழலாத வகுப்பில் நின்று, மாலை வரை ஒரு டீயோடு நிறுத்திக்கொள்ளும் ஓர் ஆசிரியைக்கு அந்த இழப்பு வருவது கஷ்டமே இல்லை. உங்கள் நான்கு மணித் தலைவலிக்கு இதுதான் காரணம் என்று இங்கிருந்து நான் சத்தியம் செய்ய மாட்டேன். கண், கழுத்து, தூக்கம், இரத்த அழுத்தம், இரத்தசோகை என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் பிள்ளைகள் மேல் எரிந்து விழுவதை உங்கள் குணக்கேடு என்று எடுத்துக்கொள்வதற்கு முன், இரண்டு வாரம் தண்ணீரைச் சரி செய்து பாருங்கள். தன்னைப் பற்றி இப்படி ஒரு முடிவுக்கு வந்து, அதோடு வருடக்கணக்காக வாழ்ந்துவிட்ட பெண்களை நான் பார்த்திருக்கிறேன். மனசு கஷ்டமாக இருக்கும்.

நீர்க்கடுப்புக்கு இன்னும் நேரடியான ஆதாரம் இருக்கிறது. 2018-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 140 பெண்களைச் சேர்த்தார்கள். எல்லோரும் மாதவிடாய் நிற்காத வயதினர், ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டருக்கும் குறைவாகக் குடிப்பவர்கள், முந்தைய வருடத்தில் மூன்று முறையாவது நீர்க்கடுப்பு வந்தவர்கள். கிட்டத்தட்ட உங்களையே விவரித்தது போல இருக்கிறது. அவர்களில் பாதிப் பேரை வழக்கத்தைவிட ஒன்றரை லிட்டர் தண்ணீர் கூடுதலாகக் குடிக்கச் சொன்னார்கள். அடுத்த பன்னிரண்டு மாதத்தில், வழக்கம்போல் குடித்தவர்களுக்கு சராசரியாக 3.2 முறை வந்தது, கூடுதலாகக் குடிக்கச் சொன்னவர்களுக்கு 1.7 முறை. ஏறத்தாழ பாதி. ஆன்டிபயாடிக் சாப்பிட வேண்டி வந்ததும் அதே போலக் குறைந்தது. கல்லுக்கும் இப்படி ஓர் ஆய்வு உண்டு, 1996-இல் இத்தாலியில். முதல் முறை கல் வந்த 199 பேரை ஐந்து வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். தினம் இரண்டு லிட்டர் சிறுநீர் வரும் அளவுக்குக் குடித்தவர்களில் 12 சதவீதம் பேருக்குத்தான் கல் திரும்பி வந்தது, மற்றவர்களில் 27 சதவீதம் பேருக்கு. எனக்குக் கல் வந்தபோது டாக்டரம்மா காட்டியது இதைத்தான்.

எப்படி வேலை செய்கிறது என்பது எளிது. சிறுநீர்ப்பையில் கிருமி தங்கிப் பெருகுவதற்கு நேரம் வேண்டும். அடிக்கடி நிறைந்து காலியானால் கிருமி அடித்துக்கொண்டு போகப்படுகிறது. ஆறு, ஏழு மணி நேரம் அடக்கி வைத்தால் அதற்குத் தேவையான நேரத்தை நாமே கொடுக்கிறோம். அதனால்தான் கழிப்பறையைப் பற்றி முதலிலேயே கேட்டேன். குடிப்பதும் கழிப்பதும் ஒரே காரியத்தின் இரண்டு முனைகள். இரண்டாவது முனையை அடைத்துவிட்டு முதல் முனையில் எத்தனை பாட்டில் வைத்தாலும் உடம்பு ஒத்துழைக்காது. உங்கள் பாட்டில் ஒரு வாரத்துக்கு மேல் ஓடாததற்கு மன உறுதி இல்லாதது காரணம் என்று நான் நம்பவில்லை.

நிறத்தைப் பற்றி. தண்ணீரில் எலுமிச்சை பிழிந்தது போன்ற வெளிர் மஞ்சள் என்றால் சரி. நல்லெண்ணெய் நிறத்துக்குப் போனால் குறைவாகக் குடித்திருக்கிறீர்கள். காலையில் எழுந்ததும் வருவது எல்லோருக்கும் கொஞ்சம் அடர்த்தியாகத்தான் இருக்கும், அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். நாள் முழுக்க நிறமே இல்லாமல் வெறும் தண்ணீர் போலவே வந்தால் தேவைக்கு மேல் குடிக்கிறீர்கள் என்று அர்த்தம், கொஞ்சம் குறைக்கலாம். பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை சாப்பிட்டால் பளிச்சென்ற மஞ்சளாக வரும், பீட்ரூட் சாப்பிட்டால் சிலருக்குச் சிவப்பாக வரும். பயப்பட வேண்டாம். பீட்ரூட் சாப்பிடாமலே சிவந்து வந்தால் அது இரத்தமாக இருக்கலாம், அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

இப்போது உங்கள் நாளுக்குள் இதை எப்படிப் பொருத்துவது. கேரளத்தில் 2019 வாக்கில் சில பள்ளிகளில் பிள்ளைகள் தண்ணீர் குடிப்பதற்கென்றே தனியாக மணி அடிக்க ஆரம்பித்தார்கள். 'வாட்டர் பெல்' என்று அந்தப் பழக்கம் பக்கத்து மாநிலங்களுக்கும் பரவி, தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கும் வந்தது. உங்கள் பள்ளியிலும் அடித்துக்கொண்டிருக்கலாம். அந்த நேரத்தில் ஆசிரியைகள் என்ன செய்கிறார்கள் என்று நான் சில டீச்சர்களிடம் கேட்டிருக்கிறேன். பிள்ளைகள் பாட்டிலைத் திறந்துவிட்டார்களா என்று பார்த்துக்கொண்டு நிற்பார்களாம். டீச்சர், அந்த மணி உங்களுக்கும்தான். பிள்ளைகளோடு சேர்ந்து நீங்களும் குடியுங்கள், அவர்கள் கண் முன்னாலேயே. டீச்சர் குடிப்பதைப் பார்த்தால் பாட்டிலை வாயில் வைத்துப் பாவனை காட்டும் பிள்ளைகூட உண்மையிலேயே குடிக்கும்.

பாட்டில் ஸ்டாஃப் ரூமில் இருக்க வேண்டாம், வகுப்பு மேசையில் இருக்கட்டும். இரண்டு லிட்டர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு பேருந்தில் ஏறுவது தோளுக்குத் தண்டனை. அரை லிட்டர் எவர்சில்வர் பாட்டில் போதும், இரண்டு தடவை நிரப்பிக்கொள்ளலாம். காலையில் காபிக்கு முன் ஒரு டம்ளர். பேருந்தில் அடக்கிக்கொண்டு போகவேண்டி வந்தால், கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே குடித்து, கிளம்பும்போது போய்விட்டுக் கிளம்புங்கள். பள்ளிக்குப் போனதும் ஒரு டம்ளர், காலை இடைவேளையில் ஒன்று, சாப்பாட்டோடு தண்ணீரும் மோரும், பிற்பகல் இடைவேளையில் ஒன்று, பள்ளி விட்டதும் பேருந்துக்கு முன்பு கொஞ்சம். 240 மில்லி டம்ளர் என்றால் பள்ளியிலேயே ஒரு லிட்டருக்கு மேல் வந்துவிடும். மீதியை வீட்டில் பார்த்துக்கொள்ளலாம். வீட்டுக்கு வந்ததும் ஒரு சொம்பு ஒரே மூச்சில் என்ற என் பழைய பழக்கம் வேண்டாம். படுக்கப்போவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே பெரும்பகுதியை முடித்துவிட்டால் இரவில் எழ வேண்டியிருக்காது.

இது எல்லாவற்றுக்கும் முன்னால், ஒவ்வொரு இடைவேளையிலும் கழிப்பறைக்குப் போங்கள். அவசரம் வரும் வரை காத்திருக்க வேண்டாம். ஒரு நாளைக்கு ஆறிலிருந்து எட்டு முறை போவது சாதாரணம், அதற்காக யாரிடமும் கூசி நிற்க வேண்டியதில்லை.

அப்புறம், தண்ணீரைப் பற்றி எல்லோரும் கேட்கும் சில கேள்விகள். காபி குடித்தால் உடம்பில் நீர் வற்றிவிடும் என்பது, தினமும் இரண்டு மூன்று காபி குடித்துப் பழகியவர்களுக்குப் பொருந்தாது. அதுவும் நீர்க் கணக்கில் சேரும், சர்க்கரையை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சாப்பிடும்போது தண்ணீர் குடித்தால் செரிமானம் கெடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. நின்றுகொண்டு குடித்தால் மூட்டு வலிக்கும் என்பதற்கும் இல்லை. வெறும் வயிற்றில் ஒரு லிட்டர் வெந்நீர் குடித்துக் கழிவு நீக்குவது என்கிறார்கள். கழிவு நீக்கும் வேலையை உங்கள் சிறுநீரகம் இரவு பகலாகச் செய்துகொண்டுதான் இருக்கிறது, ஒரு நாளைக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீரை வடிகட்டி, தேவையானதைத் திரும்ப எடுத்துக்கொண்டு, ஒன்றிரண்டு லிட்டரை மட்டும் வெளியே அனுப்புகிறது. சீரகத் தண்ணியும் வெட்டிவேர் போட்ட பானைத் தண்ணியும் எனக்கும் பிடிக்கும். ருசிக்காக இன்னும் ஒரு டம்ளர் உள்ளே போகும், அதுவே அதன் பெரிய நன்மை.

அளவுக்கு மீறினாலும் ஆபத்து என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. ஒரு மணி நேரத்தில் முக்கால் லிட்டர், மிஞ்சினால் ஒரு லிட்டர் வரைதான் சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியும். அதற்கு மேல் விடாமல் குடித்துக்கொண்டே போனால் இரத்தத்தில் சோடியம் என்ற உப்புச்சத்து நீர்த்துப்போகும். 2002-ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் 488 ஓட்டக்காரர்களின் இரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. வற்றிப்போய்விடுவோமோ என்று பயந்து அதிகமாகக் குடித்து, ஓடி முடித்தபோது எடை கூடியிருந்தவர்களுக்கு அந்த ஆபத்து அதிகமாக இருந்தது. நீங்கள் சனி, ஞாயிறில் பாக்கியை எல்லாம் சேர்த்துக் குடிக்கும் ஆளாக இருந்தால் இதை நினைவில் வையுங்கள்.

வயிற்றுப்போக்கு வந்தால் வெறும் தண்ணீர் போதாது. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் வாங்கிக் கரைத்துக் கொடுங்கள். கிடைக்காத நேரத்தில் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டையும் தலைதட்டி அளந்து போடுங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால், அவர்களுக்குத் தாக உணர்வு மங்கிவிடும். "வேணுமா?" என்று கேட்காமல் டம்ளரைக் கையில் கொடுங்கள். ஆனால் இதயம் பலவீனமானவர்கள், சிறுநீரகம் பாதித்தவர்கள் எவ்வளவு குடிக்கலாம் என்பதை அவர்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். நான் உங்களுக்குச் சொன்ன அளவு அவர்களுக்கு ஆகவே ஆகாது. சிறுநீரக நோயாளிக்கு இளநீரும் கேட்காமல் கொடுக்காதீர்கள், அதில் பொட்டாசியம் அதிகம்.

உங்களுக்கு இரண்டு எச்சரிக்கை. நீர்க்கடுப்போடு குளிர் காய்ச்சலும், முதுகில் விலாவுக்குக் கீழே வலியும் சேர்ந்தால் தண்ணீரை நம்பி வீட்டில் இருக்காதீர்கள், கிருமி சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கலாம். மூன்று முறை வந்திருப்பதால் அடுத்த முறை மாத்திரை தொடங்குவதற்கு முன்பே சிறுநீரில் என்ன கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். இரத்தச் சர்க்கரையையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். தண்ணீரைச் சரி செய்த பிறகும் தாகம் அடங்காமல், இரவில் மூன்று நான்கு முறை எழ வேண்டியிருந்தால் தள்ளிப்போடாமல் பாருங்கள்.

வருகிற திங்கட்கிழமை நோட்டைத் தொடங்குங்கள். ஏழு நாள் முடிந்ததும் எனக்கு எழுதுங்கள். குடித்த கணக்கைவிட, குடிக்காமல் விட்ட நேரங்களையும் பக்கத்தில் எழுதிய காரணங்களையும்தான் நான் முதலில் பார்ப்பேன். தாழ்ப்பாள் இல்லை, தண்ணீர் வரவில்லை, பிள்ளைகளின் கழிப்பறையைத்தான் எல்லோரும் பயன்படுத்துகிறோம் என்று அதில் வந்தால், அது உங்கள் ஒருவர் பிரச்சினை இல்லை. உங்களோடு வேலை பார்க்கும் மற்ற டீச்சர்களையும் அதே வாரம் எழுதச் சொல்லுங்கள். எல்லோர் தாளிலும் அதே காரணம் வந்தால், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வைப்பதற்கு ஒரு மனு எழுதலாம். அதை நானும் உட்கார்ந்து எழுதித் தருகிறேன்.